பென்சில் கரியும் பெருஞ்செல்வமும்

உங்களுள் சிலர் ஜவ்வாது மலையைக் கண்டிருப்பீர்கள். திருப்பத்தூருக்கும் போளூருக்கும் இடையே பரந்து கிடக்கும் அம்மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்பெற்றது. சாமையும் புளியும் பலாவும் தேனும் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அம்மலையில் காவலூர் என்னும் ஊரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. வைனு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி ஒன்று, 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியுடன், 1986ஆம் ஆண்டு முதல் அங்கே விண்மீன்களை நோக்கி நிற்கிறது.

அந்த நிலையத்தைக் காட்டுவதற்காக என் மாணவர்கள் சிலரை ஒருமுறை அழைத்துச் சென்றேன். மறுநாட் காலையில் ஜமுனாமரத்தூரில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். நாங்கள் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் என்று அறிந்த மலைவாழ் இளைஞர் ஒருவர், தம் தந்தையாருடன் வந்து, துணியில் முடிந்து வைத்திருந்த கல் ஒன்றை என் கையில் கொடுத்தார். கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தது அக்கல்.

“ஐயா, இது கிராபைட்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

விவரம் கேட்டேன். கீழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தாராம். ‘இந்த மலையில் கிராபைட் இருக்கிறது. கிராபைட்டிலிருந்து கிராபீன் என்னும் பொருள் கிடைக்கும். அது பொன்னைவிட விலை உயர்ந்தது. இப்போதே பணம் கட்டினால் கம்பெனியில் பங்கு தருகிறோம்’ என்று சொன்னாராம். பணத்துக்காகத் தம் புளியமரங்களின் மூன்றாண்டு மகசூலை முன்கூட்டியே ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று தந்தையார் எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் கையேட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, அந்தக் கல்லை அதன்மேல் அழுத்தித் தேய்த்தேன். கோடு விழவில்லை. விரலில் கரியும் ஒட்டவில்லை. நகத்தால் நெம்பினால் மெல்லிய தகடுகளாகப் பிரிந்தது. “தம்பி, இது கிராபைட் அன்று. நம் ஊரில் காக்கைப்பொன் என்று சொல்வோமே, அந்த வகையைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது” என்றேன்.

அவர் முகம் வாடிற்று. சற்று நேரம் கழித்து, “இது கிராபைட்டாகவே இருந்திருந்தால், ஐயா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு ஒரு வார்த்தையில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. நான் வரலாறு கற்பிப்பவன். அந்தக் கறுப்புப் பொருளுக்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று சற்று ஒழுங்குபடுத்தி உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். நீங்கள் எழுதும் பென்சிலின் நடுவே இருப்பதுதான் கிராபைட். இலங்கைத் தமிழர் அதைப் பென்சிற்கரி என்பர். நம்மிற் பலர் அதைக் காரீயம் என்று சொல்வது வழக்கம். ஆனால் அதில் ஈயம் அணுவளவும் இல்லை. ஐரோப்பியரும் இதே பிழையைச் செய்தனர்; ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘பிளம்பாகோ’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1779ஆம் ஆண்டு ஷீலே என்னும் சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர், அது ஈயம் அன்று, கரியின் ஒரு வடிவமே என்று நிறுவினார். 1789இல் வெர்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர், எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘கிராபைட்’ எனப் பெயர் சூட்டினார்.

வைரமும் கரியே; கிராபைட்டும் கரியே. வைரத்தில் கரியணுக்கள் நான்கு திசையிலும் இறுகப் பிணைந்திருக்கின்றன. கிராபைட்டிலோ அவை தேன்கூட்டின் அறைகளைப்போல ஆறு கோணங்களாய்ச் சேர்ந்து தாள்களாகப் பரவி, தாளின்மேல் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தாளுக்குள் பிணைப்பு மிக வலியது. தாளுக்கும் தாளுக்கும் இடையே அது மிக மெலியது. ஆகையால் காகிதத்தின்மீது தேய்த்தால் தாள்கள் வழுக்கிப் பிரிந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் அதை எழுத்து என்கிறோம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் ஏறத்தாழ முப்பது இலட்சம் தாள்கள் உள்ளன. அவற்றுள் ஒரே ஒரு தாளைத் தனியே எடுத்தால், அதுவே கிராபீன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

கிராபைட்டின் வணிக வரலாறு இங்கிலாந்தின் வடபகுதியில், பாரோடேல் என்னும் மலைப்பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே கட்டி கட்டியாகத் தூய கிராபைட் கிடைத்தது. இடையர் அதைக்கொண்டு ஆடுகளுக்கு அடையாளம் இட்டனர் என்பர். ஆனால் விரைவிலேயே அதற்கு வேறொரு பயன் தெரியவந்தது. பீரங்கிக் குண்டுகளை வார்க்கும் அச்சுக்களின் உட்புறத்தில் அதைப் பூசினால் குண்டு ஒட்டாமல் வழவழப்பாக வெளிவரும். போர்க்கருவிக்கு வேண்டிய பொருள் என்றவுடன் விலை ஏறிற்று, திருட்டும் பெருகிற்று. சுரங்க வாயிலில் காவல் வீடு எழுந்தது. வெளியே வரும் தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். 1752ஆம் ஆண்டு, அக்கரியைத் திருடுவதைக் கொடுங்குற்றமாக்கி ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமே இயற்றிற்று.

உலகில் வேறெங்கும் அத்தகைய தூய கட்டி அன்று கிடைக்கவில்லை. பென்சில் வேண்டுவோர் எல்லாம் இங்கிலாந்தையே நாட வேண்டியிருந்தது. சுரங்கத்தை உடையவர் என்றென்றும் செல்வராகவே இருப்பர் என்று எவரும் நினைத்திருப்பர். நிகழ்ந்தது வேறு.

1793இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. பிரான்சுக்குக் கிராபைட் வருவது நின்றது. கோன்டே என்னும் பிரெஞ்சு அறிஞரிடம் மாற்று வழி காணும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் என்ன செய்தார்? கட்டி கிடைக்காவிட்டால் தூள் போதும் என்று துணிந்தார். மட்டமான கிராபைட்டையும் அரைத்துத் தூளாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக உருட்டிச் சூளையில் சுட்டார். களிமண் மிகுந்தால் பென்சில் கடினமாகும், குறைந்தால் மென்மையாகும். 1795இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் பையில் இருக்கும் பென்சில் கோன்டேயின் பென்சிலே. பாரோடேல் சுரங்கமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓய்ந்துபோயிற்று.

ஒரு குயவன் அறிந்த வித்தை, காவல் வீடும் சட்டமும் காத்துநின்ற சுரங்கத்தின் தனியுரிமையை உடைத்துவிட்டது. கிராபைட்டின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இது.

அடுத்த காட்சி நமக்கு அண்மையில் உள்ள இலங்கைத் தீவில் நிகழ்கிறது. பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மூசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருக்கையும் பித்தளையையும் பெருமளவில் உருக்க வேண்டுமானால் அந்த மண் மூசை தாங்காது, வெடித்துவிடும். கிராபைட்டைக் களிமண்ணோடு கலந்து செய்த மூசையோ கொடிய வெப்பத்தையும் தாங்கும். வெப்பத்தை விரைவில் உள்ளே செலுத்தவும் செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் பெருகியபோது, இத்தகைய மூசைகளின் தேவையும் பெருகிற்று. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பாட்டர்சி என்னுமிடத்தில் மோர்கன் சகோதரர்கள் 1856இல் மூசைத் தொழிலைத் தொடங்கினார்கள். அம்மூசைகளுக்கு மிகச் சிறந்த கிராபைட் இலங்கையிலிருந்து சென்றது.

இலங்கைக் கிராபைட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிற நாடுகளில் அது பாறைக்குள் சிறு செதில்களாகக் கலந்து கிடக்கும். இலங்கையில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்திருக்கிறது. வெட்டி எடுக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் கரியாக இருக்கும் கட்டிகள் கிடைக்கும். இன்றும் அத்தகைய நரம்புக் கிராபைட்டை வணிக அளவில் தரும் நாடு உலகில் இலங்கை ஒன்றே. கேகாலை மாவட்டத்துப் போகலையும் குருநாகல் மாவட்டத்துக் ககட்டகஹவும் பேர்பெற்ற சுரங்கங்கள்.

அந்நாளில் அவை எவ்வாறு இயங்கின என்பதை எண்ணிப் பாருங்கள். மூங்கிலையும் மரக்கொம்பையும் கொடியால் கட்டிய ஏணிகளே வழி. கிராபைட் தூள் படிந்த ஏணிப்படி எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வெறுங்காலோடு அதில் இறங்கித் தொழிலாளர் வெட்டினார்கள். வெட்டிய கரி கொழும்புக்கு வந்தது. அங்கே கிட்டங்கி முற்றங்களில் பெண்கள் அமர்ந்து, கட்டிகளைக் கொத்தி, தரம் பிரித்து, துடைத்து மெருகேற்றினார்கள். பிறகு அது பீப்பாய்களில் அடைபட்டுக் கப்பலேறிற்று.

முதல் உலகப்போர் வந்தது. துப்பாக்கிக் குண்டுக்கும் பீரங்கிக்கும் வேண்டிய உலோகம் உருக்க மூசைகள் எத்தனை இருந்தாலும் போதவில்லை. 1916ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து சுமார் 33,000 டன் கிராபைட் ஏற்றுமதியாயிற்று. அவ்வளவு உயரத்தை அத்தொழில் பின்னர் ஒருபோதும் எட்டவில்லை. விலை ஏறிற்று, நிலமுள்ளவரெல்லாம் குழி தோண்டினர், பணமுள்ளவரெல்லாம் அதில் முதல் போட்டனர்.

போர் 1918இல் முடிந்தது. உடனே விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. போர் நின்றது மட்டுமே காரணம் அன்று. வேறு இரண்டு காரணங்கள் அதற்கு முன்பே அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மடகாஸ்கர் தீவில் செதில் கிராபைட் மலிவாக வெட்டப்பட்டது. மூசைக்காரர் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். மற்றொன்று, உருக்கை மின் உலையில் உருக்கும் முறை பரவிற்று. ஆகவே மூசையின் தேவையே குறைந்தது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின் உலையில் செயற்கைக் கிராபைட்டைச் செய்து, 1896ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். இலங்கையில் குழி தோண்டிய எளியவருக்கு இவற்றுள் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர் கண்டது ஏறிய விலையை மட்டுமே.

கிராபைட்டால் செல்வம் பெற்றவரும் உண்டு. டான் ஸ்பேட்டர் சேனநாயக்கா என்பவர் அத்தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். அவருடைய மகன் டி. எஸ். சேனநாயக்கா 1947இல் இலங்கையின் முதற் பிரதமரானார். 1953இல் பிரதமரான சர் ஜான் கொத்தலாவலையின் குடும்பத்துக்கும் ககட்டகஹச் சுரங்கம் உரியதாயிருந்தது. சில குடும்பங்கள் உயர்ந்தன. ஆனால் நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தால், தீவில் எஞ்சியது குழிகளும் கூலியுமே. மூசை லண்டனில் செய்யப்பட்டது. அம்மூசையில் உருகிய உருக்கின் இலாபமும் அங்கேயே தங்கிற்று. 1971இல் இலங்கை அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிற்று. பின்னர் போகலைச் சுரங்கத்தின் பெரும்பாலான பங்குகள் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றுக்குச் சென்றன. ககட்டகஹ அரசின் வசமே இருந்துவருகிறது. உலகிலேயே மிகச் சிறந்த கிராபைட்டை வைத்திருந்தும் அந்நாடு மூலப்பொருளை விற்கும் நிலையிலேயே நெடுநாள் நின்றது. இது இரண்டாம் பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்கு அருகே வெள்ளநாட்டில் ஒரு காலத்தில் கிராபைட் வெட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது நின்றுபோயிற்று. தமிழ்நாட்டில் கிராபைட்டுக்கு உரிய இடம் சிவகங்கை. அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனம் சுரங்கமும் தூய்மையாக்கும் ஆலையும் அமைத்தது.

சிவகங்கைக் கிராபைட் செதில் வகை. நூறு பங்கு பாறையில் கரி ஏறத்தாழ பதினான்கு பங்குதான். எஞ்சியது வெறுங்கல். ஆலையிலிருந்து வெளிவர வேண்டியதோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கரியுள்ள தூள். ஆகவே ஒரு டன் தூள் வேண்டுமானால், சிறிதும் வீணாகாது என்று கொண்டாலும், ஏழு டன் பாறையை வெட்டி, உடைத்து, மாவாக அரைக்க வேண்டும். ஆறு டன் கழிவை எங்கேனும் கொட்டவும் வேண்டும். வெட்டும் கூலி, அரைக்கும் மின்சாரம், கழுவும் தண்ணீர், கழிவுக்கு நிலம் ஆகிய இத்தனையும் விற்பனை விலைக்குள் அடங்கியாக வேண்டும். வறண்ட சீமையில் தண்ணீர் ஒன்றே பெருஞ்செலவு என்பது உங்களுக்குத் தெரியும்.

கல்லிலிருந்து கரியைப் பிரிப்பது அழகான வித்தை. கிராபைட் தண்ணீரில் நனையாது, எண்ணெயை நாடும். அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்து, சிறிது எண்ணெய் சேர்த்து, காற்றுக் குமிழிகளை எழுப்பினால், கரித்துகள்கள் குமிழியைப் பற்றிக்கொண்டு நுரையாக மேலே மிதக்கும். கல் அடியில் தங்கும். இவ்வாறு மிதக்கவைத்துப் பிரிக்கும் முறைக்கு 1877இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெஸ்ஸல் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் அம்முறையை முதன்முதலில் கையாண்ட கனிமம் கிராபைட்டே. பின்னர் செம்பும் ஈயமும் துத்தநாகமும் இதே வழியில் பிரிக்கப்பட்டன.

அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் கீழடி இருக்கிறது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வூர்க் குயவர் வனைந்த பானைகள் உட்புறம் கறுத்துப் பளபளக்கும். அக்கரும்பூச்சை வேலூரில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார்கள். அதற்குள் கரி நுண்குழாய்கள் இருப்பதைக் கண்டு 2020இல் வெளியிட்டார்கள். கரி நுண்குழாய் என்பது கிராபீன் தாளைச் சுருட்டினாற் போன்ற வடிவம். பண்டைக் குயவர் அதைச் செய்தனர். ஆனால் செய்தோம் என்று அவர்கள் அறியவில்லை. சூளையின் வெப்பத்தில் அது தானே அமைந்துவிட்டது. அறியாமற் செய்தது அரிய பொருளானாலும், அதைத் திரும்பச் செய்யவோ வேறிடத்தில் பயன்படுத்தவோ இயலாது. அறிந்து செய்வதற்கே தொழில் என்று பெயர்.

இப்போது கிராபீனுக்கு வருவோம். கிராபைட்டின் ஒற்றைத் தாள் எவ்வாறு மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வாலஸ் என்பவர் 1947ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் அத்தாளைத் தனியே பிரித்து ஆராய்ந்தவர் எவரும் இல்லை. 2004ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்னும் இருவர், நாம் காகிதம் ஒட்டும் பசைநாடாவைக் கிராபைட்டின்மேல் ஒட்டி உரித்து, உரித்ததை மீண்டும் மீண்டும் உரித்து, ஒரே அணுக் கனமுள்ள தாளைப் பெற்றார்கள். 2010இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அத்தாளின் இயல்புகள் வியப்புக்குரியவை. ஒரு சதுர மீட்டர் கிராபீனின் எடை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதே கனமுள்ள எஃகுத் தகட்டை எண்ணிப் பார்த்தால், கிராபீன் அதைவிடப் பன்மடங்கு வலியது. வெப்பத்தையும் மின்சாரத்தையும் மிக விரைவாகக் கடத்துவது. இத்தகைய பொருளைக் கண்டவுடன் உலகம் கனவு கண்டதில் வியப்பில்லை. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் பத்தாண்டு ஆராய்ச்சிக்காக நூறு கோடி யூரோ ஒதுக்கிற்று. பெயர்ப்பலகையில் கிராபீன் என்று எழுதிய கம்பெனிகள் நாடெங்கும் தோன்றின.

கனவு எவ்வளவு நனவாயிற்று? வண்ணப்பூச்சு, ரப்பர், பிளாஸ்டிக், காங்கிரீட் முதலியவற்றில் சிறிதளவு கலந்து அவற்றை வலுப்படுத்துவதிலும், நுண்ணிய உணர்கருவிகளிலும் கிராபீன் இடம்பெற்று வருகிறது. மின்னணுக் கருவிகளில் சிலிக்கனை அது வெளியேற்றிவிடும் என்று முதலில் கூறப்பட்டது. அது நிகழவில்லை. மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் சிலிக்கனுக்கு இயல்பாக உள்ள தன்மை தூய கிராபீனுக்கு இல்லை. ஆராய்ச்சி தொடர்கிறது. அதில் ஈடுபடுவோர்க்கு எதிர்காலம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சுரங்கத்தில் பணம் போடுவோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கிராபீனுக்குக் கிராபைட் சுரங்கம் எவ்வளவு வேண்டும்? கலவைகளில் சேர்ப்பதற்கு வேண்டிய கிராபீன் மிகச் சிறிய அளவே. மேலும், சுரங்கத்தைத் தொடாமலே அதைச் செய்யலாம். செம்புத் தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் மீதேன் வாயுவைச் செலுத்தினால், வாயுவிலுள்ள கரி கிராபீன் தாளாகப் படிகிறது. நம் சென்னையிலேயே, இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் சாதாரணச் சர்க்கரையைக் கொண்டு மணலின்மேல் கிராபீன் போன்ற கரிப்பூச்சை உண்டாக்கி, தண்ணீரைத் தூய்மை செய்ய அதைப் பயன்படுத்தலாம் என்று 2012இல் காட்டினார்கள். சர்க்கரையும் மணலும் போதுமென்றால், ‘கிராபீன் வருகிறது, ஆகவே கிராபைட் நிலம் பொன்னாகும்’ என்னும் வாதம் எங்கே நிற்கும்? இங்கிலாந்தின் கட்டிக் கரியைக் கோன்டேயின் களிமண் வென்ற கதையே இங்கும் நடைபெறுகிறது.

கிராபைட்டுக்கு இந்நாளில் மெய்யாகவே தேவை பெருகியிருப்பது வேறு காரணத்தால். கைபேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள லித்தியம் மின்கலத்தின் ஒரு முனை பெரும்பாலும் கிராபைட்டால் ஆனது. அக்கலத்தில் லித்தியத்தைவிடக் கிராபைட்டின் எடையே அதிகம். வண்டி ஒன்றுக்குப் பல பத்துக் கிலோகிராம் வேண்டும். உலகில் வெட்டப்படும் இயற்கைக் கிராபைட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனாவில் கிடைக்கிறது. 2023 டிசம்பர் முதல் சீன அரசு அதன் ஏற்றுமதிக்கு உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் இந்திய அரசு இன்றியமையாத கனிமங்கள் என்று 30 கனிமங்களைப் பட்டியலிட்டது. கிராபைட் அவற்றுள் ஒன்று.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. மின்கலத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தூய்மை போதாது. ஏறக்குறைய முழுத்தூய்மை வேண்டும். செதில்களை உருண்டைகளாக உருட்டவும் வேண்டும். சீனாவின் வலிமை அதன் மண்ணில் மட்டும் இல்லை. இந்தத் தூய்மையாக்கும் தொழிலின் பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. பெட்ரோலியக் கரியிலிருந்து செய்யும் செயற்கைக் கிராபைட்டும் இத்துறையில் கடுமையாகப் போட்டியிடுகிறது. ஆகவே, சிவகங்கைக் கரியை நாம் தூளாக விற்றால் ஒரு விலை. மின்கலத்துக்கு ஏற்றதாக நம்மவரே ஆக்கி விற்றால் வேறு விலை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பள்ளிக்கூடத்துக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் இடையே உள்ள தூரமே.

தேநீர்க் கடையில் இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. இளைஞர் கவனத்தோடு கேட்டார். அவருக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எவர் வந்து கனிமத்தில் பணம் போடச் சொன்னாலும் இம்மூன்றையும் கேளுங்கள் என்றேன். முதலாவது, இங்கே இருப்பது கிராபைட்தான் என்று சோதித்துச் சொன்னவர் யார்? நூற்றுக்கு எத்தனை பங்கு கரி என்று எழுத்தில் இருக்கிறதா? இரண்டாவது, அதைத் தூய்மையாக்கப்போவது யார், தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்து வரும்? மூன்றாவது, அதை வாங்கப்போகிறவர் இதே பொருளை வேறு எங்கேனும், வேறு எதிலிருந்தேனும் மலிவாகப் பெற முடியுமா?

இவற்றோடு சட்டத்தையும் சொன்னேன். நிலம் நம்முடையது என்பதனால் மட்டும் சுரங்கம் தோண்டிவிட இயலாது. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி குத்தகை பெற வேண்டும். 2023இல் செய்த திருத்தத்தின்படி, கிராபைட் போன்ற முக்கியக் கனிமங்களின் உரிமையை மத்திய அரசே ஏலம் விடுகிறது. காட்டு நிலமானால் அதற்குரிய அனுமதிகள் வேறு. ஆகையால், ஏலமும் இன்றி, சோதனையும் இன்றி, தேநீர்க் கடையில் பங்கு விற்பவரிடம் விற்பதற்கு எதுவுமே இல்லை.

அதுவரை பேசாதிருந்த தந்தையார் அப்போதுதான் வாய் திறந்தார். “சந்தனம் இருந்தபோதும் இப்படித்தான் வருவார்கள், சாமி. மரம் எங்கள் மலையில் நின்றது. ஏலம் திருப்பத்தூரில் நடந்தது. வாங்கியவர் எந்த ஊரோ. மலையில் இருந்தது என்பதற்காக எங்களுடையது ஆகிவிடுமா?” என்றார்.

நான் ஒரு மணி நேரம் சொன்னதை அவர் ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டார். புளியமரங்களை எழுதிக் கொடுப்பதில்லை என்று மகனிடம் அங்கேயே கூறினார். இளைஞர் காக்கைப்பொன்னைத் திரும்பத் துணியில் முடிந்துகொண்டார். “இது எப்படித் தகடு தகடாகப் பிரிகிறது, ஐயா? இதற்கும் உள்ளே தாள்கள் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். எங்கே படித்தால் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டார். திருப்பத்தூரில் உள்ள நூலகத்தையும், மண்ணியல் கற்பிக்கும் கல்லூரிகளையும் பற்றிச் சொன்னேன்.

மாணவ மாணவியரே, கனிமம் நாட்டின் செல்வம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது பாதி உண்மை. பாரோடேலில் கரி இருந்தது. பென்சிலின் எதிர்காலம் கோன்டேயின் கையில் இருந்தது. இலங்கையில் கரி இருந்தது; மூசை லண்டனில் இருந்தது. கீழடிக் குயவரிடம் நுண்குழாயே இருந்தது. அதை அறியும் கண் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு கழித்தே வந்தது. சிவகங்கையில் இன்று கரி இருக்கிறது. அதைத் தூய்மையாக்கி, உருட்டி, மின்கலமாகச் சமைக்கும் வித்தை யாரிடம் இருக்கும் என்பது உங்கள் தலைமுறை விடை கூற வேண்டிய கேள்வி.

இன்று மாலை பென்சிலைச் சீவும்போது விரலில் ஒட்டும் கரியைச் சற்று உற்றுப் பாருங்கள். அந்தக் கறையில் கிராபைட்டின் தாள்கள் எத்தனையோ அடுக்குகளாகப் படிந்திருக்கும். கெய்முக்கும் நோவோசெலோவுக்கும் கிடைத்த மூலப்பொருளும் அதுவே. அவர்கள் அதற்கென்று எந்த நிலத்தையும் வாங்கவில்லை.